கருமான் மகனும் எங்க வீட்டு ஹம்மிங்கும்



நம் பேரவை மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதித் தர வேண்டும் என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. மைக்கேல் ஃபாரடே என்று சொல்லிவிட்டேன். ஏன்டா அவர் என்றார். எங்க வீட்டு ஹோம் தியேட்டர்தான் காரணம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கும் வரலாம். முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

என் ஊர் மரக்காணம் பக்கம் பிரம்மதேசம். அப்பா உப்பளத்தில் உப்பு வாருகிறவர். சீசனில் அம்மாவும் கூடப் போவார். மழைக்காலம் வந்தால் இரண்டு பேருக்குமே வேலை இருக்காது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். டிப்ளமாவில் மின் மற்றும் மின்னணுவியல் துறை கிடைத்த அன்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் யார் வீட்டில் ஃபேன் நின்றாலும், மிக்ஸி புகைந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

போன வருஷம் பொங்கலுக்கு, சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் அப்பா ஒரு 5.1 ஹோம் தியேட்டர் வாங்கி வந்தார். கம்பெனி செட் கிடையாது, டவுனில் அசெம்பிள் செய்தது. இரும்புத் தகட்டுப் பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபையர், ஒரு சப்ஊஃபர், ஐந்து குட்டி ஸ்பீக்கர். கேபிள் செட்டாப் பாக்ஸிலிருந்து ஒயர் கொடுத்துப் போட்டோம். பாட்டு நன்றாகத்தான் வந்தது. ஆனால் பாட்டு நின்றதும் ம்ம்ம் என்று ஒரு சத்தம், வண்டு ஒன்று பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி. ராத்திரி ஊர் அடங்கினபின் அந்த உறுமல் திண்ணை வரைக்கும் கேட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாட்டுக் கேட்பதைக் குறைத்துக்கொண்டார்.

டிப்ளமா படிக்கிற பிள்ளை சும்மா இருக்க முடியுமா? முதலில் ஃபில்டர் கெப்பாசிட்டர் போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக 4700 மைக்ரோஃபாரட் இரண்டு வாங்கிச் சால்டர் பண்ணினேன். சத்தம் போகவில்லை. அப்புறம் எங்கோ கேள்விப்பட்ட ஒரு வித்தை ஞாபகம் வந்தது. மூன்று பின் பிளக்கில் பெரிய பின் இருக்கிறதே, எர்த் பின், அதை அறுத்துவிட்டால் ஹம்மிங் நின்றுவிடும் என்பார்கள். ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன். சத்தம் டக்கென்று நின்றது. அப்பா என் முதுகில் தட்டினார். அன்றைக்கு என்னை விடப் பெரிய விஞ்ஞானி உலகத்தில் இல்லை.

அதற்குப் பின் நடந்ததைப் பிறகு சொல்கிறேன். நான் கெப்பாசிட்டர் வாங்கினபோது அதன் மேல் எழுதியிருந்த ஃபாரட் என்பது ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது என்று கூட நினைத்துப் பார்க்கவில்லை. முதலில் அந்த மனிதரைப் பார்ப்போம்.

மைக்கேல் ஃபாரடே 1791 செப்டம்பர் 22 அன்று லண்டனை ஒட்டிய நியூவிங்டன் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் ஒரு கருமான். இரும்படிக்கிற வேலை. அடிக்கடி நோயில் விழுகிறவர். நான்கு பிள்ளைகளில் மைக்கேல் மூன்றாமவர். 1801-இல் தானிய விலை ஏறிப்போய்ப் பஞ்சம் வந்தபோது, ஒன்பது வயதுப் பையனுக்கு ஒரு ரொட்டி கொடுத்து ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். இதைப் படித்தபோது எனக்குப் பெரிதாக ஆச்சரியம் வரவில்லை. அடைமழைக் காலத்தில் எங்கள் வீட்டு அரிசிப் பானையும் அப்படித்தான்.

எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்கும்தான் அவருக்குக் கிடைத்த படிப்பு. 1804-இல் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். வீடு வீடாகச் செய்தித்தாள் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப வாங்கி வருவது வேலை. அடுத்த ஆண்டு அதே கடையில் புத்தகம் பைண்டிங் செய்யும் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழு வருஷம். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் பையன் படிக்க ஆரம்பித்தான். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை, ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய வேதியியல் நூல், இவை இரண்டும்தான் அவருக்குக் கல்லூரி. படித்ததைத் தன் கையால் செய்து பார்த்தார். கண்ணாடிப் புட்டியை வைத்து மின்பொறி உண்டாக்கும் கருவி செய்தார்.

1810-இல் லண்டனில் டாட்டம் என்பவரின் வீட்டில் நடந்த அறிவியல் சொற்பொழிவுகளுக்குப் போக ஆரம்பித்தார். ஒரு சொற்பொழிவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அந்தக் காசைக் கொடுத்தவர் அண்ணன் ராபர்ட். அவரும் கருமான்தான். ஒருவர் படிக்க இன்னொருவர் இரும்படிக்கிறார். நம்மில் எத்தனை பேருக்கு வீட்டில் இப்படி ஓர் ஆள் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

1812-இல் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவி பேசும் நான்கு சொற்பொழிவுகளுக்கு ஃபாரடேவுக்கு டிக்கெட் கொடுத்தார். ஃபாரடே எல்லாவற்றையும் குறிப்பெடுத்தார். வீட்டில் உட்கார்ந்து படம் போட்டு விரிவாக எழுதினார். தனக்குத் தெரிந்த தொழிலால் அதை அழகாகப் பைண்டிங் செய்து டேவிக்கே அனுப்பி வேலை கேட்டார். 1813 மார்ச்சில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங் சம்பளம், மாடியில் தங்க இரண்டு அறை.

அதே ஆண்டு டேவியோடு ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். ஆம்பியரையும் வோல்டாவையும் நேரில் பார்த்தார். நமக்கு மீட்டரில் தெரிகிற பெயர்களை அவர் மனிதர்களாகப் பார்த்திருக்கிறார். ஆனால் அந்தப் பயணத்தில் டேவியின் மனைவி அவரை ஒரு வேலைக்காரனாகவே நடத்தினார். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று கூட அவருக்குத் தோன்றியிருக்கிறது. பொறுத்துக்கொண்டார். 1815-இல் திரும்பியபோது அவருக்குத் தெரியாத வேதியியல் அதிகம் மிச்சமில்லை.

கம்பியில் மின்சாரம் போனால் பக்கத்தில் இருக்கும் காந்த முள் அசைகிறது என்று டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் 1820-இல் கண்டுபிடித்தார். மறு ஆண்டு ஃபாரடே ஒரு கிண்ணத்தில் பாதரசம் ஊற்றி, நடுவில் காந்தத்தை நிறுத்தி, கரண்ட் போகும் கம்பியை அதைச் சுற்றிச் சுழல வைத்தார். உலகத்தின் முதல் மோட்டார் அதுதான் என்று சொல்லலாம். ஆனால் சந்தோஷப்பட விடவில்லை. வோலஸ்டன் என்ற மூத்த விஞ்ஞானியின் யோசனையைத் திருடிவிட்டார் என்று பேச்சுக் கிளம்பியது. ராயல் சொசைட்டியில் அவரை உறுப்பினராக்க வேண்டாம் என்று எதிர்த்தவர், கைதூக்கிவிட்ட அதே டேவிதான். ஆனாலும் 1824 ஜனவரியில் உறுப்பினரானார். அதற்குப் பிறகும் டேவியைப் பற்றி அவர் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை.

இப்போது முக்கியமான நாளுக்கு வருவோம். 1831 ஆகஸ்ட் 29. சுமார் ஆறு அங்குல விட்டமுள்ள ஓர் இரும்பு வளையம். அதன் ஒரு பக்கம் ஒரு காயில், மறு பக்கம் இன்னொரு காயில். இன்றைக்கு மாதிரி எனாமல் கம்பி அப்போது கடையில் கிடையாது. நூலும் துணியும் வைத்துச் சுற்றுச் சுற்றாக இன்சுலேஷன் செய்தார். முதல் காயிலில் பேட்டரியை இணைத்தார். இரண்டாவது காயிலோடு சேர்ந்த காந்த முள் ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிட்டது. பேட்டரியை எடுத்தார். எதிர்ப் பக்கம் துள்ளியது. நடுவில் கரண்ட் ஒரே சீராகப் போகும்போது முள் அசையவே இல்லை.

அதாவது இரண்டு காயிலுக்கும் ஒயர் தொடர்பு கிடையாது. ஆனால் ஒன்றில் மாற்றம் ஏற்பட்டால் மற்றொன்றுக்குத் தெரிந்துவிடுகிறது. அக்டோபரில் ஒரு காந்தத்தைக் காயிலுக்குள் நுழைத்து எடுத்தே கரண்ட் உண்டாக்கினார். செம்புத் தட்டை பெரிய காந்தத்தின் நடுவில் சுழற்றித் தொடர்ந்து கரண்ட் எடுத்தார். நம் தெரு முனை டிரான்ஸ்ஃபார்மரும், நெய்வேலி ஜெனரேட்டரும் அந்த மூன்று மாதத்தின் பிள்ளைகள்.

எங்க வீட்டு ஹம்மிங்கும் அந்தக் குடும்பம்தான். நம் வீட்டுக் கரண்ட் விநாடிக்கு 50 சுழற்சியாகத் திசை மாறி மாறி வருகிறது. மாறிக்கொண்டே இருப்பதால் அது பக்கத்து ஒயரில் தன்னை ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். ஆம்ப்ளிஃபையருக்கு எது பாட்டு, எது கரண்ட் என்று தெரியாது. வந்ததைப் பெரிதாக்கிக் கொடுத்துவிடும். 50 ஹெர்ட்ஸ் என்றால் அடித்தொண்டை உறுமல். ரெக்டிஃபையருக்குப் பின்னால் ஃபில்டர் சரியில்லை என்றால் 100 ஹெர்ட்ஸ், கொஞ்சம் கூரான ரீங்காரம். காதைத் தீட்டினால் வித்தியாசம் தெரியும்.

1832 ஜனவரியில் ஃபாரடே செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பூமியே ஒரு காந்தம். தேம்ஸ் நதியின் தண்ணீர் ஓடுகிறது. ஓடும் தண்ணீர் ஒரு கடத்தி. அப்படியென்றால் நதிக்குள்ளேயே கரண்ட் உண்டாக வேண்டுமே? வாட்டர்லூ பாலத்தின் கைப்பிடிச் சுவர் நெடுக ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவான செம்புக் கம்பியை இழுத்து, இரண்டு முனையிலும் தகடு கட்டித் தண்ணீரில் இறக்கினார். முள் அசைந்தது. வேறொருவர் என்றால் வெற்றி என்று எழுதியிருப்பார். அவர் அந்த அசைவு தகடுகளாலும் மற்றக் காரணங்களாலும் வருவது, தான் தேடினது கிடைக்கவில்லை என்று கண்டு அப்படியே ஒப்புக்கொண்டார். வேண்டாத சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் அவர் எதையும் விட்டதில்லை. பிளேடை எடுப்பதற்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் கரைசல்களில் மின்சாரத்தைச் செலுத்தி மின்னாற்பகுப்பு விதிகளைக் கண்டார். அயனி, ஆனோடு, கேத்தோடு என்ற சொற்கள் 1834 முதல் அவர் வழியாகத்தான் உலகத்துக்கு வந்தன. உப்புக் கரைசலில் கரண்ட் விட்டுக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் தொழிற்சாலை நம் மேட்டூரில் இருக்கிறது. 1948-இல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. அப்பா வாருகிற உப்புக்கும் ஃபாரடேவுக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது என்று நான் சொன்னதும் அப்பா நம்பவே இல்லை.

1836-இல் பன்னிரண்டு அடிச் சதுரத்தில் ஆள் நுழையும் கூண்டு ஒன்று கட்டினார். மரச் சட்டம், செம்புக் கம்பி, ஈயத்தாள். வெளியே பெரிய மின்பொறிகள் தெறிக்கும்படி கூண்டுக்குக் கரண்ட் ஏற்றச் சொல்லிவிட்டு, தானே கருவிகளோடு உள்ளே போய் உட்கார்ந்தார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஆடியோ ஒயரின் மேல் பின்னலாகச் சுற்றியிருக்கும் ஷீல்டு அந்தக் கூண்டின் பேரன். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். செம்புப் பின்னல் மின்புலத்தைத்தான் தடுக்கும். பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசியும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அதற்குள் தாராளமாகப் போய்விடும். அதற்கு மருந்து இரும்புத் தகடு, இல்லையென்றால் தூரம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

கார்த்திகை மாதம். விடாத மழை. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மர் ஊறிப் போயிருக்கிறது. மெல்ல மறுபடியும் ஒரு முனகல் வர ஆரம்பித்திருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா வீடு கழுவினார். பெட்டியை நகர்த்த வேண்டும் என்று பின்னாலிருந்த ஆடியோ ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பெட்டியில் கை வைத்தார். தூக்கி எறிந்தது. சுவரில் மோதி விழுந்தார். கை ஒட்டிக்கொள்ளாதது கடவுள் செயல். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். வலது கை ஒரு வாரம் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையால்தான் எனக்குச் சாப்பாட்டு டப்பா கட்டித் தருவார்.

பின்னை அறுத்தவன் நான் என்று மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. செட்டு சரியில்லை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன். நாலாம் நாள் தாங்கவில்லை, அப்பாவிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. எர்த் எதற்கு என்று காலேஜில் சொல்லித் தரவில்லையா என்று கேட்டார். சொல்லித் தந்தார்கள் என்றேன். உண்மைதான். எர்த்திங் படம் போட்டு நல்ல மார்க் வாங்கினவன் நான். அப்புறம் எதற்குப் படித்தாய் என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் எங்கள் லேப் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டிவிட்டு, பிறகு மெகர் மீட்டரோடு வீட்டுக்கே வந்தார். எர்த் ஒயரைத் தோண்டிப் பார்த்தால், சுவரோரம் அடித்திருந்த இரும்புக் குழாய் துருவேறிப் பாதியில் அற்றுக் கிடந்தது. எங்கள் வீட்டுக்கு எர்த்தே இல்லை. கிரைண்டரில் கை வைத்தால் சுருக்கென்கிறது என்று அம்மா பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. கிரைண்டரில் கசிந்த கரண்ட் மண்ணுக்குப் போக வழி இல்லாமல், எர்த் ஒயரில் ஏறி, ஆம்ப்ளிஃபையர் வழியாக, ஆடியோ ஒயரின் ஷீல்டு வழியாக, தெருக் கேபிளின் மேல் பின்னலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறோம். ஷீல்டில் ஓடிய அந்தக் கரண்ட்தான் ஹம்மிங்காகக் கேட்டது.

ஆக அந்த வண்டுச் சத்தம் பத்து மாதமாக எங்களிடம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது: உங்கள் வீட்டுக்கு எர்த் இல்லை. நான் அதன் நாக்கை அறுத்துவிட்டேன். பிறகு பெட்டிக்குள்ளேயே கசிவு வந்தபோது அதற்கிருந்த ஒரே வழி ஆடியோ ஒயர். அதையும் பிடுங்கினதும் மிச்சமிருந்த வழி அம்மா.

சரி செய்த முறையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். எர்த் குழிக்குக் கரியும் உப்பும் போட வேண்டும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அப்பா ஒரு மூட்டை உப்போடு தயாராக நின்றார். எங்கள் பக்கத்து மண்ணுக்கு உப்பு போதாதென்று நீங்கள் வேறு கொட்ட வேண்டாம் என்று சார் சிரித்தார். கரண்ட் கடத்த உப்பு நல்லதுதான், ஆனால் இரும்பைத் தின்பதும் அதுதான். அதனால் செம்பு பூசிய ராடு ஆழமாக அடித்து, வருஷம் ஒருமுறை அளந்து பார்ப்பது என்று முடிவானது. மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி. வைத்தோம். கிரைண்டர் மோட்டாரையும் பெட்டியின் டிரான்ஸ்ஃபார்மரையும் மாற்றினோம். புது மூன்று பின் பிளக் போட்டேன்.

அதன் பிறகும் இலேசாக ஒரு ம்ம்ம் இருந்தது. இந்த முறை பிளேடை எடுக்கவில்லை, கேள்வி கேட்டேன். வால்யூமைக் குறைத்தால் சத்தம் குறைகிறதா? குறைந்தது. அப்படியென்றால் பவர் சப்ளை குற்றமில்லை, முன்பக்கம் வழியாக வருகிறது. ஆடியோ ஒயரைப் பிடுங்கினேன், நின்றது. ஒயரை மாட்டி, கேபிள் டிவி ஒயரை மட்டும் கழற்றினேன், நின்றது. வீட்டு எர்த்தும் தெருக் கேபிளின் எர்த்தும் வேறு வேறாக இருப்பதால் லூப் இன்னும் மிச்சமிருக்கிறது என்று தெரிந்தது. கார் ஸ்டீரியோவுக்குப் போடுகிற கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றை வாங்கி ஆடியோ ஒயரின் நடுவில் மாட்டினேன். சத்தம் அடியோடு நின்றது.

அந்தக் குட்டி டப்பாவைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். ஒவ்வொன்றிலும் ஒரு கோர், இரண்டு காயில், நடுவில் ஒயர் தொடர்பு இல்லை. பாட்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தாண்டிவிடுகிறது, லூப் கரண்டுக்கு வழி இல்லை. 1831 ஆகஸ்டில் கருமான் மகன் நூலும் துணியும் வைத்துச் சுற்றின அதே வளையம். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஃபாரடேவின் பிற்காலத்தையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு அவருக்குக் கடைசி வரை வரவில்லை. அவர் மனக்கண்ணால் கண்ட காந்தக் கோடுகளை மேக்ஸ்வெல் சமன்பாடுகளாக்கினார். கடலோரக் கலங்கரை விளக்கங்களுக்கு முப்பது ஆண்டு போல ஆலோசகராக இருந்தார். சிறுவர்களுக்குக் கிறிஸ்துமஸ் சொற்பொழிவு நடத்தினார், ஒரு மெழுகுவத்தியை வைத்தே வேதியியல் முழுவதும் சொல்லித் தந்தார். சர் பட்டத்தை வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டித் தலைவர் பதவியையும் மறுத்தார். மனைவி சாராவும் அவரும் பிள்ளை இல்லாமலே வாழ்ந்தார்கள். வயதாக ஆக ஞாபகசக்தி குறைந்தது. 1867 ஆகஸ்ட் 25 அன்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலமானார். அரசர்களும் மேதைகளும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் இருந்தும், அவர் விரும்பியபடி ஹைகேட் இடுகாட்டில் ஒரு சாதாரணக் கல்லின் கீழ் அடக்கம் செய்தார்கள்.

நண்பர்களே, கருமான் வீட்டிலிருந்தும் உப்பளத்திலிருந்தும் படிக்க வருகிற நமக்கு மார்க் வாங்கத் தெரிகிறது. வாங்கின மார்க்கு வீட்டு ஸ்விட்ச் போர்டு வரை வந்து சேர வேண்டும். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் உங்கள் வீட்டு எர்த் ஒயரை ஒருமுறை தொடர்ந்து போய் அது மண்ணைத் தொடுகிறதா என்று பாருங்கள். சுருக்கென்கிறது என்று அம்மா சொன்னால் அன்றைக்கே பாருங்கள். எக்காரணம் கொண்டும் மூன்றாவது பின்னை அறுக்காதீர்கள்.

அறுத்த அந்தப் பித்தளைத் துண்டு என் பென்சில் பாக்ஸில் இன்னும் இருக்கிறது. இப்போது ராத்திரியில் அப்பா மறுபடியும் பாட்டுக் கேட்கிறார். பாட்டு முடிந்தால் ஒரு சத்தமும் இல்லை. அம்மாதான் இன்னும் பெட்டியைத் தொடுவதில்லை. துணியால் துடைக்கிற வேலை என்னுடையது.

எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வளர்க நம் பேரவை!

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின் மற்றும் மின்னணுவியல் துறை,
பிரம்மதேசம்.